புள்ளி விவரம்

கடன் வாங்கியவனிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்பது என் மைத்துனன் கண்டுபிடித்த விதி. மூன்று வருஷம் பி.காம். படித்தேன், ஒரு வாத்தியார்கூட எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பையனுடைய பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக அவனிடம் 35 ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, கல்யாணம் ஆகவில்லை, கையில் காசு புழங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கியவன், கையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான்.

"மாமா, ஆபீஸ்ல ரெண்டு மாசம் ஜெர்மனி போகச் சொல்லிட்டாங்க. இவனைக் கொஞ்சம் பார்த்துக்கணும்."

இவன் என்றானே, நாய்க்குட்டியாக இருக்கும் என்று மூடியைத் திறந்தேன். திறந்த வேகத்திலேயே மூடினேன். உள்ளே மரச்சீவல் மெத்தையில், சும்மாடு போலச் சுருண்டு, கறுப்பும் பழுப்புமாக ஒரு மலைப்பாம்பு.

"பால் பைத்தான் மாமா. ஆப்பிரிக்கா. விஷம் கிடையாது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்வளவுதான்."

"நானும் அப்படித்தான்" என்றேன். அவன் சிரித்தான். கடன் கொடுத்தவன் சிரித்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நாங்கள் இருப்பது என் மாமியார் வீட்டில், அமிர்தி பக்கம். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம். 1967-ல் ஆரம்பித்த ஒரு சின்ன மிருகக்காட்சிசாலையும், மழை பெய்தால் ஓர் அருவியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலூர் ஜனம் புளியோதரைப் பொட்டலத்துடன் வந்து போகும். மற்ற ஆறு நாளும் நாங்களும் காடும்தான். பாம்புக்குப் பஞ்சமே இல்லாத ஊர். விறகை உருவினால் கட்டுவிரியன், வரப்பில் கால் வைத்தால் கண்ணாடி விரியன். போதாக்குறைக்கு ஆற்றுக்குப் பெயரே நாகநதி! இந்த ஊருக்கு ஒருவன் பெங்களூரிலிருந்து பாம்பு கொண்டுவருகிறான் என்றால் திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற கதைதான்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்த்தால் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு சாரைப்பாம்பைக்கூடப் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டு ஜந்து என்றால் கணக்குக் காட்டி வைத்துக்கொள்ளலாம். 2020-ல் மத்திய அரசு, 'உங்கள் வீட்டில் இருப்பதைத் தானாக முன்வந்து சொல்லுங்கள்' என்றது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் பதிவு விதிகளும் வந்தன. மைத்துனன் எல்லாவற்றுக்கும் காகிதம் வைத்திருந்தான். என்னிடம் என் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. பாம்பிடம் இருந்தது.

மாமியாருக்கு ஒரே ஒரு நிபந்தனை. விளக்கு வைத்த பிறகு 'அந்த'ப் பெயரைச் சொல்லக் கூடாது. கயிறு என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையன் உற்சாகமாகப் பிடித்துக்கொண்டான். "அப்பா, கயிறு கொட்டாவி விடுது!" "அம்மா, ஃப்ரிட்ஜ்ல தோசை மாவுக்குப் பின்னாடி கயித்தோட எலி இருக்கு!" ஆமாம், உறைய வைத்த எலி. மைத்துனன் இரண்டு மாதத்துக்கு எண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து என் மனைவி ஃப்ரிட்ஜைக் கண்ணை மூடிக்கொண்டுதான் திறப்பாள்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கயிறு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்க ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் தண்ணீரில், சாயங்காலம் பார்த்தாலும் தண்ணீரில். கோடை, வெயிலுக்கு இதமாக முங்கிக் கிடக்கிறது போல என்று நினைத்தேன். நானே அருவிக்குப் போகலாமா என்று இருந்த சமயம் அது. எலி வைத்தால் மூக்கைத் திருப்பிக்கொண்டது.

ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வந்த மைத்துனனிடம் பெருமையாகச் சொன்னேன், "உன் ஆள் சுத்தம்டா, நாள் முழுக்கக் குளியல்."

அவன் முகம் மாறியது. "மாமா, டார்ச் அடிச்சு கண்ணைச் சுத்திப் பாருங்க. தாடைக்குக் கீழயும்."

பார்த்தேன். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் மூடி. அதன் விளிம்பில் மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். தாடைக்குக் கீழே உள்ள மடிப்பில் இன்னும் நிறைய. ஒரு புள்ளி நகர்ந்தது. என் முதுகு முழுக்க அரித்தது.

பாம்புப் பேன். பேன் என்று நாம் சொல்கிறோமே தவிர அது பேன் இல்லை. எட்டுக் கால், சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரச் சிற்றுண்ணி. ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு முட்டை வைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். செதிலுக்கடியில் புகுந்து ரத்தம் குடித்துக் கறுத்துப் போகும். பாம்புக்குச் சொறிந்துகொள்ள விரலா இருக்கிறது? பாவம், தண்ணீரில் முங்கி மூழ்கடிக்கப் பார்க்கிறது. பேன் உஷாராக மூச்சு விடும் இடத்துக்கு, தலைக்கு, ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பி.காம். மூளை உடனே கூட்டு வட்டி போட்டது. ஒரு பெண் பேன் ஆயுளில் 60 முட்டைக்குக் குறையாமல் வைக்கும். பாதி பெண் என்று வையுங்கள், 30. அந்த 30-ம் ஆளுக்கு 60 வைத்தால் 1,800. வெயில் காலத்தில் முட்டை வளர்ந்து பெரிய மனுஷியாக இரண்டு வாரம் போதும். எந்த வங்கியும், எந்தச் சீட்டுக் கம்பெனியும் தராத வட்டி!

எங்கிருந்து வந்தது? புது மூட்டை மரச்சீவல் வாங்கிப் போட்டதாக மைத்துனன் சொன்னான். அதில் வந்திருக்கலாம் என்பது அவன் ஊகம்.

வைத்தியம் சொல்ல ஊரில் ஆளுக்கா குறைச்சல்? மாமியார், "தென்னைக்குச் சிலந்தி வந்தப்போ வேப்பெண்ணெய்தானே அடிச்சோம்" என்றார். 1990-களின் கடைசியில் கேரளத்தில் தலைகாட்டி நம் பக்கத்துத் தோப்புகளையும் பதம் பார்த்த ஈரியோபைட் சிலந்தியைச் சொல்கிறார். சொந்தக்காரப் பூச்சிதான், ஆனால் மரம் வேறு, மலைப்பாம்பு வேறு. பக்கத்து வீட்டுத் தாத்தா மண்ணெண்ணெய் என்றார். மளிகைக் கடைக்காரர் புகையிலைத் தண்ணீர் என்றார். நான் படித்தவன் அல்லவா, இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, பீரோவிலிருந்து நாலு அந்துருண்டையை எடுத்துத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பையன்தான் கத்தினான். பாம்பு தலையைப் பின்னால் மடித்து, வாயைத் திறந்தபடி, அவிழ்ந்துபோன நாடா மாதிரிக் கிடந்தது. தூக்கினால் சுற்றிக்கொள்ளவில்லை. வெளியே திண்ணையில் கொண்டுபோய்ப் போட்டோம். சென்னையில் இந்த ஜந்துக்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் எண்ணை மைத்துனன் அனுப்பியிருந்தான். அந்த நேரத்தில் எடுத்தார், புண்ணியவான்.

"என்ன போட்டீங்க?"

சொன்னேன்.

"அது பாம்புப் பெட்டியா, பட்டுப் புடவை பீரோவா? பூச்சியைக் கொல்ற ஆவி மூடின டப்பாக்குள்ள பாம்பை விட்டுவைக்குமா சார்?" நல்ல காற்றில் வைக்கச் சொன்னார், உடம்பைத் தண்ணீரால் கழுவச் சொன்னார், காலை வரை பார்க்கச் சொன்னார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

பையன் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "செத்துடுமாப்பா?" என்று ஒரு தடவை கேட்டான். அப்புறம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை. விடிகிற நேரத்தில் வால் முதலில் அசைந்தது. பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, தன்னைத் தானே சுருட்டிக்கொண்டது. பையனும் அதன் பக்கத்தில் அதே மாதிரி சுருண்டு தூங்கிப் போனான்.

காலையில் பார்த்தால் அவன் மணிக்கட்டு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பாம்புப் பேன் மனுஷனிடம் குடியிருக்காது, ஆனால் பசித்தால் கடித்துப் பார்க்கும். என் மனைவி தடிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள அது இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா நான் போறேன்."

போவது என்றால் எங்கே போவாள், இது அவள் அம்மா வீடு. போகவேண்டியவன் நான்தான் என்பது எனக்குப் புரிந்தது.

அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். இதுவரை யாரிடமும் சொல்லாத திட்டம். திறந்து விட்டுவிடுவது, 'மூடி சரியாக மூடவில்லை, ஓடிவிட்டது' என்று மைத்துனனிடம் சொல்லிவிடுவது. காடு இருக்கிறது, எலி இருக்கிறது, எப்படியோ பிழைக்கும். 35 ஆயிரம் கடனுக்கு இவ்வளவு வட்டி கட்டியது போதும்.

பாறை மேல் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூடியில் கை வைத்தபோது, எப்போதோ படித்தது ஞாபகம் வந்து தொலைத்தது. நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்று இரண்டு பேரை 2017 ஜனவரியில் அமெரிக்காவுக்கு, ஃபுளோரிடாவுக்கு, கூட்டிப் போனார்கள். எதற்கு? வளர்த்தவர்கள் கைவிட்டதும் தப்பியதுமாகச் சதுப்புக்காட்டில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுக்க. அங்கே நிபுணர்கள் எல்லாம் திணறிக்கொண்டிருந்த இடத்தில், இவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, இரண்டு வாரத்துக்குள் பத்துக்கும் மேலே பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பெருமையான விஷயம்தான். ஆனால் கூடவே இன்னொன்றும் படித்திருந்தேன். அந்த மலைப்பாம்புகள் தனியாகப் போகவில்லை, நுரையீரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசிய ஒட்டுண்ணி ஒன்றையும் கூட்டிக்கொண்டு போயின. அது இப்போது ஃபுளோரிடாவின் சொந்தப் பாம்புகளுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கிறது.

என் பெட்டியில் இருப்பது ஒண்டி ஆள்தான், ஜோடி இல்லை, பெருகாது. ஆனால் அதன் மேல் இருப்பவர்களுக்கு ஜோடிக்கா பஞ்சம்? இந்தப் பாறைக்கடியில் படுத்திருக்கும் சாரைக்கும், தண்ணீர்ப் பாம்புக்கும் ஆப்பிரிக்கப் பாம்பின் சொத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்க நான் யார்? 

கையை எடுத்துவிட்டேன். எடுத்தேனே தவிர, எழுந்து வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. மேலத்தெருப் பெரியவர், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறார்.

"யாரது, கணக்குப் பிள்ளையா? இந்நேரத்துல இங்க என்னய்யா? பொட்டியில என்ன?"

ராத்திரி. பழக்க தோஷம்.

"கயிறுங்க" என்றேன்.

பெரியவர் டார்ச்சைத் தாழ்த்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, கடனா?"

"கடன்தாங்க." பொய் சொல்லவில்லை.

"எவ்வளவு இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம். நானும் ஒருக்கா இப்படி வந்து இதே கல்லுல உட்கார்ந்தவன்தான். பொண்டாட்டி புள்ளைய நெனச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன். அந்தப் பொட்டியக் குடு இப்படி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஐயோ, அது இல்லைங்க! இது வேற கயிறு!" என்று பதறினேன். அவர் நம்பவில்லை. எந்தக் கயிறானாலும் கயிறுதானே. ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் 1980-களில் தான் பட்ட கடனையும், விற்ற மாட்டையும், அன்று திரும்பி வந்து பார்த்தபோது தூங்காமல் உட்கார்ந்திருந்த தன் மனைவியையும் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே பேசவில்லை. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே 'இது பாம்புங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவி கதவைத் திறந்தாள். "அம்மா, இந்தாங்க உங்க வீட்டுக்காரர். இது அவரு கொண்டாந்த கயிறு. கண்ணுல படாம எங்கயாவது போட்டுடுங்க" என்று பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்க போனீங்க?" என்று கேட்கவில்லை. "டாக்டர் என்ன பண்ணச் சொன்னாரு?" என்றாள்.

மறுநாள் காலை ஆரம்பித்தோம். மரச்சீவல் முழுவதையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினோம். பெட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காய வைத்தோம். மரக்கூடு போய், உடைந்த சட்டியைக் கவிழ்த்து வீடு. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், பக்கத்திலேயே நின்றுகொண்டு. தண்ணீருக்குப் பயந்து தலைக்கு ஏறுகிறவர்களை எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுப்பது. அதோடு நாய் உண்ணிக்குப் போடும் மருந்தைத் துணியில் நனைத்து உடம்பில் தடவல், தலையைத் தொடாமல், காயும் வரை தண்ணீர்க் கிண்ணம் வைக்காமல். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று இங்கே எழுதமாட்டேன். அது டாக்டர் வேலை. அந்துருண்டை போட்டவன் மருந்து அளவு சொல்லலாமா? ஐவர்மெக்டின் என்று ஒரு மருந்து, சில பாம்புகளுக்குக் கொடுக்கிறார்கள், ஆமைக்கு அதுவே எமன் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு மருந்துக் கடைப் பக்கம் போகவே பயம்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு நன்றாகப் பதிந்தது. பேன் முட்டை வைப்பது பாம்பின் மேல் அல்ல, இடுக்கில், மூலையில், மரத்தூளில். காட்டில் பாம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். முட்டை பொரித்து வெளியே வரும் குஞ்சு, வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டைத்தான் பார்க்கும். பெட்டியில் அப்படி இல்லை. பிறக்கிற ஒவ்வொன்றுக்கும் சோறு எதிரிலேயே சுருண்டு கிடக்கிறது. "காட்டுல இது ஒரு தொல்லை, பெட்டியிலதான் சார் வியாதி" என்றார்.

பெட்டியில் விரிக்க முதலில் பழைய தமிழ் நாளிதழைப் போட்டேன். விழுந்து சாகும் பேனை எண்ணினால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். இங்கேதான் மொழிச் சிக்கல். நம் எழுத்தில் எத்தனை புள்ளி! க், ச், ட், ம்... எது மெய்யெழுத்து, எது பேன்? ஒரு தலைப்பில் 'பட்டம்' என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'ம்' மேல் இருந்த புள்ளி இறங்கி நடந்து 'ப' மேல் ஏறிக்கொண்டது. வெள்ளைத்தாளுக்கு மாறினோம்.

பையன் நோட்டில் பற்று, வரவு போட்டான். முதல் நாள் 112. மூன்றாம் நாள் 61. ஒன்பதாம் நாள் 4. 'ஜெயித்துவிட்டோம்' என்று நான் மருந்தை நிறுத்தப் பார்த்தேன். "முட்டைக் கணக்கு?" என்றாள் என் மனைவி, பி.காம். படிக்காதவள். சரியாகப் பதினான்காம் நாள் 23. முட்டையில் தூங்கியவர்கள் வந்துவிட்டார்கள். மறுபடி கொதிநீர், மறுபடி மருந்து. ஐந்தாவது வாரம் பாம்பு சட்டையை உரித்தது. கழற்றிப் போட்ட கண்ணாடிச் செதிலின் ஓரத்தில் ஒரே ஒரு காய்ந்த புள்ளி. அதுதான் நோட்டில் கடைசிப் பதிவு. அன்று ராத்திரி மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளை, கயிறு சாப்பிட்டுச்சா?" சாப்பிட்டது.

மைத்துனன் வந்தான். பாம்பை எடுத்துக் கண்ணை, தாடையை, வாலடியை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தான். பையனைக் கட்டிக்கொண்டான். பெட்டியைக் காரில் வைக்கும்போது மெதுவாகக் கேட்டேன், "மச்சான், மருந்துச் செலவு, டாக்டர் ஃபீஸ் எல்லாம் அந்த 35 ஆயிரத்துல கழிச்சுக்கலாமா?"

"மாமா, அது வேற கணக்கு, இது வேற கணக்கு" என்றான். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இந்த வித்தையெல்லாம் யார் சொல்லித் தந்தார்களோ!

மேலத்தெருப் பெரியவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் டீக்கடையில் உட்கார வைத்து, "எல்லாம் தீர்ந்துச்சா தம்பி?" என்று கேட்கிறார். "பாதி தீர்ந்துடுச்சுங்க" என்கிறேன். டீக்குக் காசு கொடுக்க விடமாட்டேன் என்கிறார்.

நேற்று ஒரு கட்டுரையின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்திருந்தது. 'மக்கள்' என்ற சொல்லில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. பேனாவை எடுக்கத் தோன்றவில்லை. நகத்தால் சுண்டிப் பார்த்தேன்.